4 அடி, 6 அடி மீன் தொட்டி வாங்கியாச்சா? எந்த ஆசிய மீனோடு எது சேரும், எது சேராது?

வண்ண மீன் கடையில் 2 அங்குல நீளத்தில் ஓயாமல் நீந்திக்கொண்டிருக்கும் அந்தச் சாம்பல் நிறக் குட்டிக்குக் கடைக்காரர் சொல்லும் பெயர் 'ஷார்க்'. சுறாவைப் போல நிமிர்ந்த முதுகுத் துடுப்பு, பளபளக்கும் உடல். கடைக்கு வரும் குழந்தைகள் சட்டெனக் கைகாட்டும் மீன்களில் இதுவும் ஒன்று. விலையும் குறைவு. "ரெண்டு ஜோடியா எடுத்துக்கோங்க, தனியா விட்டா சோர்ந்து போயிடும்" என்ற பேச்சோடு பாலித்தீன் பைக்குள் ஏறிவிடும்.

ஆனால் அது சுறாவே இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் மீகாங், சாவோ பிரயா ஆறுகளைச் சேர்ந்த கெளுத்தி இனம். பெயர் பங்கேசியஸ். ஹோட்டல்களில் 'பாசா' என்ற பெயரில் முள்ளில்லாத வெள்ளைத் துண்டுகளாகத் தட்டுக்கு வருகிறதே, பெரும்பாலும் அது இந்த மீன்தான். ஆந்திராவில் குளம் வெட்டிப் பண்ணை பண்ணையாக வளர்ப்பதும் இதைத்தான். முழுசா வளர்ந்தால் 4 அடிக்கு மேல் நீளம், 40 கிலோவுக்கு மேல் எடை. அதாவது 4 அடி தொட்டிக்குள் 4 அடி மீன்!

"பெரிய தொட்டிதானே, எதை வேணும்னாலும் விடலாம்" என்ற நினைப்பில்தான் பலருக்குச் சிக்கல் தொடங்குகிறது. சிறிய தொட்டி வைத்திருப்பவர் பயந்து பயந்து நாலு மீன் விடுவார். பெரிய தொட்டி வாங்கியவர் கடையில் அழகாகத் தெரிந்த எல்லாவற்றையும் அள்ளி வருவார். ஆறு மாதத்தில் ஒன்று இன்னொன்றின் வாலைக் கடித்திருக்கும், ஒன்று இன்னொன்றை விழுங்கியிருக்கும், ஒன்று மூலையில் ஒதுங்கிப் பட்டினி கிடக்கும்.

அப்படின்னா எந்த மீனோடு எதைச் சேர்ப்பது? ஆசிய மீன்களை மட்டும் வைத்து ஒரு பெரிய தொட்டியை அமைக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை விரிவாகப் பார்க்கலாம்.

'பெரிய தொட்டி' என்றால் எவ்வளவு?

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 255 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் சுமார் 680 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் முதல் தொட்டி 300 கிலோவைத் தாண்டும். இரண்டாவது முக்கால் டன்னைத் தாண்டிவிடும். மாடி வீட்டில் வைப்பவர்கள் மீனைப் பற்றி யோசிக்கும் முன் தளத்தைப் பற்றி யோசிப்பது நல்லது. நடு ஹாலைவிட, பீம் செல்லும் சுவரை ஒட்டிய இடம் பாதுகாப்பானது. சந்தேகம் இருந்தால் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடலாம்.

மீனுக்கு உயரத்தைவிட நீளமும் அகலமும்தான் முக்கியம். 3 அடி உயரத் தொட்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஆற்றில் ஓடிப் பழகிய மீன் பக்கவாட்டில் நீந்துமே தவிர, மேலும் கீழுமாக லிஃப்ட் போலப் போய்வராது.

ஆசியா என்பது ஒரே தண்ணீர் இல்லை

மீன்கள் சேருமா, சேராதா என்று கேட்டால் பலரும் சண்டையைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த இரண்டு மீன்களும் ஒரே மாதிரித் தண்ணீரில் வாழப் பிறந்தவையா?

ஆசிய நன்னீர் மீன்களைத் தொட்டி வசதிக்காக இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒன்று, மலையோடை மீன்கள். பாறைகளுக்கு இடையே வேகமாக ஓடும், குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் இவற்றின் வீடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளும் இமயமலை அடிவாரத்து ஆறுகளும் இந்த வகை. இரண்டாவது, சமவெளி மீன்கள். தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா, போர்னியோ பகுதிகளின் மெதுவான ஆறுகள், சதுப்புக் காடுகள், வெள்ளம் தேங்கும் தாழ்நிலங்கள் இவற்றின் வீடு. இலைகள் ஊறி டிகாஷன் நிறத்தில் இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீர்.

இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் உடனே எதுவும் செத்துப்போகாது. அதனால்தான் தப்பு நடந்ததே தெரிவதில்லை. ஒரு தரப்பு மெல்ல மெல்ல நிறம் மங்கும், நோய் எதிர்ப்பு குறையும், வாழ வேண்டிய ஆண்டுகளில் பாதியிலேயே போய்விடும்.

இதற்குச் சரியான உதாரணம், நம்ம பக்கத்து மாநிலத்து மீன் 'மிஸ் கேரளா'. டெனிசன் பார்ப் என்றும் அழைப்பார்கள். வெள்ளி உடலில் மூக்கிலிருந்து ஓடும் சிவப்புக் கோடு, அதன் கீழே கறுப்புக் கோடு, வாலில் கறுப்பும் மஞ்சளும். உலகம் முழுக்க மீன் வளர்ப்போர் தேடும் அழகி. 1865-ல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்த பிரான்சிஸ் டே, அன்றைய மதராஸ் ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரை இதற்குச் சூட்டினார். 2013-ல் இதன் பேரினப் பெயர் 'சஹ்யாத்ரியா' என மாறியது. சஹ்யாத்ரி என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை. பெயரிலேயே மலை இருக்கிறது.

சாலியாறு, வளபட்டணம், அச்சன்கோவில் போன்ற கேரள ஆறுகளின் மேல்பகுதி ஓடைகளில் கூட்டமாகத் திரியும் இந்த மீனுக்கு 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள தண்ணீர்தான் சுகம். மே மாதத்தில் சென்னை, மதுரை, திருச்சி வீடுகளில் ஏசி இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போவது சாதாரணம். வெப்பம் ஏறினால் இன்னொன்றும் நடக்கும். 20 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராம்தான். ஓடும் தண்ணீரில் மூச்சுவிட்டுப் பழகிய மீனுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

ஆக, கேரளாவில் பிறந்த மீன் சென்னைத் தொட்டிக்குச் சிரமப்படும். சுமத்ராவில் பிறந்த மீன் சௌகரியமாக இருக்கும். கேட்க விநோதமாக இருந்தாலும் விஷயம் அதுதான். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்றால் கணக்கு தலைகீழ். அங்கே மிஸ் கேரளாவுக்கு வீட்டுத் தண்ணீரே போதும். சுமத்ரா மீனுக்குத்தான் ஹீட்டர் வேண்டும்.

மிஸ் கேரளாவில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் இது அழிவின் விளிம்பில் உள்ள இனம். ஓடைகளிலிருந்து அளவுக்கு மீறிப் பிடித்து ஏற்றுமதி செய்ததும் இதற்கு ஒரு காரணம். இப்போது பண்ணைகளிலும் இனப்பெருக்கம் செய்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் "இது பண்ணைக் குஞ்சா, ஆத்துல பிடிச்சதா?" என்று கேட்டு வாங்குவதே முறை.

தங்க மீனும் ஆசிய மீன்தானே என்று கேட்கலாம். ஆமாம், சீனாவில் கெண்டை இனத்திலிருந்து பல நூறு ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. ஆனால் அதுவும் குளிர்ந்த நீரை விரும்பும் மீன். அதோடு கழிவு அதிகம், நீச்சல் மந்தம். தங்க மீனுக்குத் தங்க மீனே துணை. மற்றவற்றோடு கலக்காமல் இருப்பதே உத்தமம்.

வெயில் ஊர்த் தொட்டிக்கு எந்தக் கூட்டம்?

தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்குத் தென்கிழக்கு ஆசியச் சமவெளி மீன்களே இயல்பான தேர்வு. 24 முதல் 28 டிகிரி வரை இவற்றுக்கு வசதி. கோடையில் கொஞ்சம் கூடினாலும் தாங்கிக்கொள்ளும்.

இந்தக் கூட்டத்தில் முதல் இடம் பேர்ல் கௌராமிக்கு. உடல் முழுக்க முத்து தூவியது போலப் புள்ளிகள். ஆண் மீனுக்குத் தொண்டையிலிருந்து வயிறு வரை செம்மஞ்சள் நிறம். 4, 5 அங்குலம் வளரும். சண்டைக்குப் போகாது. நூல் போல நீளும் இரண்டு துடுப்புகளால் எதிரில் இருப்பதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நகரும். மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ இதன் தாயகம்.

கௌராமிகளுக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு தனி உறுப்பு உண்டு. அதன் மூலம் மேலே வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும். நம்ம ஊரு பனையேறிக் கெண்டை தண்ணீருக்கு வெளியே உயிரோடு கிடக்கிறதே, அதே ஏற்பாடுதான். மின்வெட்டில் ஏர் பம்ப் நின்றாலும் கௌராமி சமாளித்துவிடும். ஆனால் தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே 2 அங்குலமாவது காற்றுக்கு இடம் விட வேண்டும். ஒரு ஆணுக்கு 2 அல்லது 3 பெண் என்ற கணக்கில் விடுவது நல்லது.

கௌராமி என்ற பெயரைக் கேட்டதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. நீலக் கௌராமி ஆண்கள் ஒன்றையொன்று விரட்டும் குணம் கொண்டவை. 'ஜெயன்ட் கௌராமி' 2 அடியைத் தாண்டும். சின்னதாக இருக்கும்போது கடையில் மற்றவற்றோடு கலந்தே நிற்கும்.

கௌராமிக்குத் துணையாக நடுத்தட்டில் நீந்த ஹார்லெகுவின் ரஸ்போரா. 2 அங்குலத்துக்கும் குறைவு. செம்பு நிற உடலில் கறுப்பு முக்கோணம். பெரிய தொட்டியில் இதை 5, 6 விட்டால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. 15, 20 விட்டால் ஒரே வீச்சில் திரும்பும் கூட்டம் தெரியும். பெரிய தொட்டியின் உண்மையான லாபமே இதுதான். பெரிய மீன் வைப்பதற்கான இடம் என்று மட்டும் பார்க்காமல், சின்ன மீனைப் பெரிய கூட்டமாக வைக்கக் கிடைத்த இடம் என்று பார்த்தால் தொட்டியின் தோற்றமே மாறிவிடும்.

இலங்கையின் தென்மேற்கு ஈர மண்டலத்தில், நிழல் படிந்த ஓடைகளில் வாழும் செர்ரி பார்ப்பும் இவற்றோடு ஒத்துப்போகும். பார்ப் என்றால் நம் கெண்டை குடும்பம்தான். ஆண் மீன் செர்ரிப் பழச் சிவப்பு, பெண் மீன் பழுப்பு. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை என்பதால் நம்ம ஊர் வெப்பத்துக்குப் பழகியிருக்கும். பார்ப் இனத்திலேயே இவ்வளவு அடக்கமான மீனைப் பார்ப்பது அபூர்வம்.

அடித்தளத்துக்கு கூலி லோச். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட, பாம்புக்குட்டி போன்ற மீன். லோச் என்பது வேறொன்றுமில்லை, மதுரைப் பக்கம் குழம்பு வைக்கும் அயிரை மீனின் உறவுக்காரர்தான். பகலில் மணலுக்குள்ளும் மரக்கட்டை இடுக்கிலும் பதுங்கி, இரவில் வெளியே வரும். கூர்மையான கல் போட்ட தொட்டியில் மீசையும் வயிறும் கிழிபடும். மென்மையான ஆற்று மணல் கட்டாயம். ஆறேழு மீன்களாவது சேர்ந்து இருந்தால்தான் பயம் தெளிந்து பகலிலும் தலைகாட்டும்.

டைகர் பார்ப்: கும்பலாக இருந்தால் நல்ல பிள்ளை

தமிழ்நாட்டுக் கடைகளில் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும் ஆசிய மீன்களில் ஒன்று டைகர் பார்ப். மஞ்சள் உடலில் நான்கு கறுப்புப் பட்டை. இதை இரண்டு, மூன்று வாங்கி பேர்ல் கௌராமியோடு விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மறுநாளே கௌராமியின் நூல் துடுப்புகள் கடிபட்டுக் குட்டையாகியிருக்கும்.

டைகர் பார்ப் கெட்ட மீன் இல்லை. கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்று ஓயாமல் துரத்தி விளையாடுவது அதன் பிறவிக் குணம். பத்துப் பன்னிரண்டு இருந்தால் அந்த விளையாட்டு அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். மூன்று மட்டும் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்தான் இரை. எத்தனை விட்டாலும் கௌராமி, ஃபைட்டர் போன்ற நீளத் துடுப்பு மீன்களோடு வேண்டாம். தென் அமெரிக்க மீனான ஏஞ்சலோடும் வேண்டாம். வேகமாக நீந்தும், துடுப்பு குட்டையான மீன்களோடு மட்டுமே இது சேரும்.

க்ளவுன் லோச்: 20 ஆண்டு பொறுப்பு

டைகர் பார்ப்புக்கு மிகப் பொருத்தமான துணை க்ளவுன் லோச். ஆரஞ்சு உடலில் மூன்று தடித்த கறுப்புப் பட்டை, சிவப்புத் துடுப்பு. சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் மீன். சந்தோஷமாக இருந்தால் 'டிக் டிக்' என்று சத்தம் எழுப்பும். ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும். முதல்முறை பார்ப்பவர் மீன் செத்துவிட்டதென்று எடுத்துக் குப்பையில் போடப் போவார். தொட்டதும் எழுந்து ஓடும். தொட்டியில் பெருகும் நத்தைகளைத் தின்று தீர்ப்பதிலும் கெட்டிக்காரர்.

ஆனால் கடையில் 2 அங்குலத்தில் நிற்கும் இந்த மீன் மெதுவாக, மிக மெதுவாக, ஓர் அடி வரை வளரும். 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஆசைப்பட்டதென்று வாங்கினால், அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கும் மீன் இருக்கும். தனியாக வளர்த்தால் ஒடுங்கிப்போகும். குறைந்தது ஐந்தாறு வேண்டும். ஓர் அடி மீன் ஆறு என்றால் 6 அடி தொட்டிதான் ஆரம்பக் கோடு. 4 அடி தொட்டி வைத்திருப்பவர்கள் "சின்னதா இருக்கும்போது வச்சுக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாங்குவதுதான் அதிகம். அந்த 'அப்புறம்' பெரும்பாலான வீடுகளில் வருவதில்லை.

சந்தைக்கு வரும் க்ளவுன் லோச்சில் பெரும்பங்கு ஆறுகளில் குஞ்சாகப் பிடிக்கப்பட்டவை. பிடிபட்ட அதிர்ச்சி, நீண்ட பயணம் என்று களைத்து வரும். அதனால் வெள்ளைப் புள்ளி நோய் சுலபமாகத் தொற்றும். லோச்களுக்குச் செதில் மிகச் சிறியது. மருந்து சட்டென உடலில் ஏறும். மற்ற மீன்களுக்குப் போடும் அளவை அப்படியே போட்டால் நோயைவிட மருந்து முந்திக்கொள்ளும். வயிறு ஒட்டியிருக்கும் மீனைக் கடையிலேயே தவிர்த்துவிடலாம்.

சிவப்பு வால்காரர் ஒருவர் மட்டும்

ரெட் டெயில் ஷார்க் என்ற பெயரில் கிடைக்கும் கரிய உடல், ரத்தச் சிவப்பு வால் மீனும் சுறா இல்லை; தாய்லாந்தின் கெண்டை இனம். 5 அங்குலத்துக்குள் நின்றுவிடும் என்பதால் அளவில் பிரச்சினை இல்லை. ஆனால் தொட்டியின் ஒரு பகுதியைத் தன் எல்லை என்று எழுதிக்கொள்ளும் மீன். இரண்டு விட்டால் ஒன்று மிஞ்சும். இதன் உறவான ரெயின்போ ஷார்க்கோடு விட்டாலும் அதே கதை. ஒரு தொட்டிக்கு ஒன்று. அதையும் கடைசியாக விட வேண்டும். முதலில் விட்டால் தொட்டி முழுவதும் தனதே என்று முடிவு செய்துவிடும். பின்னால் வருபவர்கள் எல்லாம் அத்துமீறியவர்கள்.

கடைகளில் இவ்வளவு சாதாரணமாகக் கிடைக்கும் இந்த மீன், இயற்கையில் அழிந்தே போனது என்று ஒரு காலத்தில் பட்டியலிடப்பட்டிருந்தது. பிறகு சாவோ பிரயா ஆற்றுப் படுகையில் சிறு இடத்தில் எஞ்சியிருப்பது தெரியவந்தது. விற்பனைக்கு வருபவை பண்ணையில் பிறந்தவை. உலகெங்கும் ஹால்களில் நீந்தும் மீன், தன் சொந்த ஆற்றில் தேடினாலும் கிடைப்பதில்லை.

6 அடி தொட்டிக்கும் அடங்காதவை

பாலா ஷார்க் என்ற வெள்ளி நிற மீன் ஓர் அடிக்கு மேல் வளரும், கூட்டமாக வாழும், மிரண்டால் துள்ளும். மூடி இல்லாத தொட்டியில் காலையில் தரையில்தான் கிடக்கும். 8 அடிக்குக் குறைந்த தொட்டிக்கு இது வேண்டாம். டின்ஃபாயில் பார்ப்பும் ஓர் அடியைத் தாண்டும், செடிகளைத் தின்று தீர்த்துவிடும். க்ளவுன் நைஃப் இரவில் வேட்டையாடும் மீன். வாய்க்குள் நுழையும் எதுவும் அதற்கு உணவு. மேலே சொன்ன ஹார்லெகுவின் கூட்டம் அதற்கு ஒரு வார மளிகை.

ஆசிய அரோவானா தனி விவகாரம். 'வாஸ்து மீன்' என்று சொல்லி விற்கப்படும் இது 2, 3 அடி வளரும். அதைவிட முக்கியம், சட்டம். அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ள மீன் இது. 2022-ல் திருத்தப்பட்ட இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிரினத்தை வீட்டில் வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். பில்லும் ஆவணமும் இல்லாமல் "இது ஒரிஜினல் ஆசியன் சார்" என்று யாராவது நீட்டினால் கையை வைக்காமல் நகர்ந்துவிடுவது நல்லது. கடைகளில் அதிகம் காணப்படும் சில்வர் அரோவானா தென் அமெரிக்க மீன். சட்டச் சிக்கல் குறைவு என்றாலும், அதுவும் வளர்ந்தால் தொட்டியில் திரும்பவே இடமிருக்காது.

சரி, கணக்காகச் சொன்னால்?

4 அடி தொட்டி, வெயில் ஊர் என்றால் பேர்ல் கௌராமி ஒரு ஆண், மூன்று பெண். ஹார்லெகுவின் ரஸ்போரா 15. செர்ரி பார்ப் 10. கூலி லோச் 8. மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு மூன்றும் நிறையும். யாரும் யாரையும் கடிக்க மாட்டார்கள். முதல்முறை பெரிய தொட்டி வைப்பவருக்கு இதைவிட நிம்மதியான கலவை கிடைப்பது கஷ்டம்.

6 அடி தொட்டியும், 20 ஆண்டு பொறுமையும் இருந்தால் க்ளவுன் லோச் 6, டைகர் பார்ப் 15 முதல் 20, வால் கத்தரிக்கோல் போல விரிந்து மூடும் சிஸர்டெயில் ரஸ்போரா 10, கடைசியில் ஒரே ஒரு ரெட் டெயில் ஷார்க். இது அமைதியான தொட்டியாக இருக்காது, பரபரப்பான தொட்டி. க்ளவுன் லோச் பெரிதான பிறகு ஃபில்டரும் பெரிதாக வேண்டும்.

மலை ஊர் அல்லது ஆண்டு முழுக்க குளுமையான அறை என்றால், 5 அடிக்கு மேற்பட்ட தொட்டியில் பண்ணையில் பிறந்த மிஸ் கேரளா 8, ஜெயன்ட் டேனியோ 10, கங்கைப் படுகையைச் சேர்ந்த யோயோ லோச் 5. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தண்ணீர் ஓடும்படி பவர் ஹெட் பொருத்தி, உருண்டைக் கல்லும் பாறையும் போட்டால் ஓடை போலவே இருக்கும். மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். டேனியோ ஒரு சின்ன இடைவெளி கிடைத்தாலும் வெளியே பாய்ந்துவிடும்.

மீனுக்கு முன் தண்ணீர் தயாராக வேண்டும்

தொட்டி வந்த அன்றே மீனும் வருவதுதான் நம்ம வழக்கம். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா இருக்காது. ஃபில்டரில் அவை குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் அந்தக் காலம் குறையும். அதன்பிறகும் 40 மீனை ஒரே நாளில் விடக் கூடாது. வாரத்துக்கு ஒரு கூட்டம். சாதுவானவை முதலில், எல்லை பிடிப்பவை கடைசியில். புதிதாக வருபவற்றை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்தால் நோய் உள்ளே வராது.

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து வேண்டும். போர் தண்ணீர் என்றால் உப்பும் கடினத்தன்மையும் பிரச்சினை. சுமத்ரா, போர்னியோ மீன்கள் மென்மையான தண்ணீரில் பிறந்தவை. பண்ணை மீன்கள் ஓரளவு பழகியிருக்கும் என்றாலும், டிடிஎஸ் மிக அதிகமுள்ள ஊர்களில் ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவது உதவும். முழுக்க ஆர்ஓ தண்ணீர் கூடாது. அதில் மீனுக்குத் தேவையான தாது உப்புகள் இருக்காது.

கோடையில் தண்ணீர் சூடாகும்போது பலர் ஐஸ் கட்டியைப் போடுகிறார்கள். வெப்பம் சட்டென இறங்கி, மறுபடி சட்டென ஏறும். அந்த ஆட்டம் சூட்டைவிட மோசம். தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சின்ன ஃபேன் ஓடினாலே சில டிகிரி குறையும். மூடிக்குப் பதில் வலை போட்டுக்கொள்ளலாம்.

வளர்ந்துவிட்ட மீனை என்ன செய்வது?

ஏற்கெனவே 'ஷார்க்' வாங்கி, அது ஓர் அடியைத் தாண்டி, கண்ணாடியில் மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. பாவம் பார்த்து ஏரியில், கோயில் குளத்தில், ஆற்றில் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அது மட்டும் கூடவே கூடாது.

தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கப்படும் 'சக்கர்' மீன் இதற்குக் கண்ணெதிரே உள்ள சாட்சி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் இன்று இந்தியாவின் பல நீர்நிலைகளில் பரவிக் கிடக்கிறது. கரைகளைக் குடைகிறது, மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது. வலையில் விழும் கெண்டையின் இடத்தில் விலைபோகாத சக்கர் விழுகிறது. ஆசிய மீன்தானே என்று பங்கேசியஸையும் க்ளவுன் நைஃபையும் விடுவதும் அப்படித்தான். மீகாங் ஆறும் நம்ம ஊர் ஏரியும் ஒன்றல்ல.

வாங்கிய கடையிலேயே கேட்டால் பெரிய மீனைத் திரும்ப எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. விலை கிடைக்காது, இடம் கிடைக்கும். சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் விற்பனைப் பகுதிகளில் பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருப்பவர்களிடமும் விசாரிக்கலாம். மீன் வளர்ப்போரின் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் இலவசமாகத் தருவதாகப் போட்டால், 8 அடி தொட்டியோ வீட்டுக்குள்ளேயே மூடிய குளமோ வைத்திருப்பவர் யாராவது வந்து எடுத்துச் செல்வார். கொண்டுபோகும்போது பாலித்தீன் பை வேண்டாம். பங்கேசியஸ் போன்ற கெளுத்திகளின் துடுப்பு முள் பையைக் கிழித்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் தொட்டித் தண்ணீரையே பாதி நிரப்பி, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை மாட்டினால் சில மணி நேரப் பயணத்தைத் தாங்கும்.